பொத்தான் மாறிப் பூட்டின சட்டை

அந்தப் பக்கம் வேண்டாம் மாஸ்டர், இந்தப் பக்கத்திலை வந்து இருங்கோ. எனக்கு இடது காது கேளாது. நீங்கள் கேக்கிறது ஒண்டு, நான் சொல்லுறது ஒண்டாய்ப் போகும். ஓம், உந்தக் கதிரைதான். ஒரு கால் ஆடும், பயப்பிடாதேங்கோ, விழாது. நெல்லியடியிலையிருந்து இந்த வெய்யிலுக்கை சைக்கிள் உழக்கி வந்திருக்கிறியள். உங்களுக்கு நல்லதாய் நாலு சொல்லி அனுப்புவமெண்டுதான் காலமை நினைச்சனான். ஏலாது போலை கிடக்கு.

வாசிச்சனான். ஏன் வாசியாமல்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தச் சஞ்சிகையைக் கையிலை தந்திட்டுப் படலையைத் தாண்டேல்லை, நான் தொடங்கியிட்டன். முடிச்சுப்போட்டுத் திரும்பவும் முதலிலையிருந்து வாசிச்சன். இந்த வளவுக்காரி குணலட்சுமியக்கா கிணத்தடியிலை நிண்டு கேக்கிறா, ஆரோடை பிள்ளை சண்டை பிடிக்கிறாய் எண்டு. என்ரை தம்பியோடை எண்டன். அவன் எங்கை எண்டா. பாரிசிலை எண்டன். விசரி எண்டு நினைச்சிருப்பா, பாவம்.

ஓம், கூடப் பிறந்த தம்பிதான். உங்களுக்கெல்லாம் அவன் எழுத்தாளர் அடைக்கலநாதன். எனக்கு அடைக்கலம். அவனுக்கு மூக்குத் துடைச்சு விட்டவள் நான்.

நீங்கள் உதைப் புத்தகமாய் அடிக்கப்போறம் எண்டு சொன்னியள். இந்தப் பொருளாதாரத் தடைக்கை பேப்பருக்கு எங்கை போவியள்? கொப்பித் தாளிலையோ? சரி, கோடு போட்ட தாளெண்டாலும் வாசிக்கலாம்தானே, எங்கடை பேப்பரே அதிலைதானே வருகுது. அடியுங்கோ, நான் மறிக்கேல்லை. தன்ரை இளமைக்காலத்தை அவன் எழுதுறான், ஊர்ச்சனம் வாசிக்கட்டும். ஆனா அடிக்கிறதுக்கு முதல், உதிலை எது நடந்தது, எது நடக்கேல்லை எண்டு ஒரு ஆளாவது தெரிஞ்சு வைச்சிருக்கோணும். அதுக்குத்தான் உங்களை இருத்திக் கதைக்கிறன்.

முதல் பக்கத்தைப் பாருங்கோ. அப்பாவின்ரை வள்ளத்திலை மல்லாந்து படுத்து வானத்திலை வெள்ளி பாத்தானாம். அப்பா தண்டு வலிச்சு வலிச்சுக் கதை சொன்னவராம். கடல்தான் தன்ரை முதல் பள்ளிக்கூடமாம். மாஸ்டர், எங்கடை அப்பா சிமியோனைக் குருநகரிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ. அந்தாள் வாய் திறந்தால் எங்களுக்குப் பெருநாள். வலை, காத்து, பசிக்குது, விளக்கை நூர். அவ்வளவுதான் அவரின்ரை பேச்சு. இவன் கடலுக்குப் போனது ஒரேயொரு தரம். வள்ளம் முழுக்கச் சத்தி எடுத்து வைச்சிட்டான். அப்பா கரைக்கு வந்து, வலையையும் இறக்காமல் இவனைத் தோளிலை போட்டுக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னாலை இறக்கினார். லூர்த்தம்மா, உவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, கடலுக்கு ஆகாது எண்டார். அவர் எங்களுக்குச் சொன்ன ஆக நீளமான கதை அதுதான்.

பகிடிக்குச் சொல்லேல்லை நான். சரி, அதை விடுவம். அப்பா எண்பத்துநாலிலை செத்துப்போனார். மகன் தன்னைக் கதை சொல்லுற ஆளாக்கி வைச்சிருக்கிறான் எண்டால் அவர் சந்தோசப்படுவாரோ தெரியாது, கோவிக்கமாட்டார். எனக்குக் கோவம் ஏறினது ரெண்டாம் பகுதியிலை.

முதல் கதை என்னெண்டு பிறந்தது எண்டு எழுதியிருக்கிறானே, அந்த இடம். எண்பத்துமூண்டு ஆடிக் கலவரம் முடியக் கொழும்பிலையிருந்து சனத்தைக் கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்து காங்கேசன்துறையிலை இறக்கினவை. டவுணிலை ஒரு பள்ளிக்கூடம் நிறையச் சனம். பங்குச் சுவாமியார் எங்கடை பெண்டுகளைச் சமைக்கக் கூப்பிட்டவர். நான் போனன். அங்கை ஒரு மனுசி, மீனாம்பிகை எண்டு பேர். வெள்ளவத்தையிலை இருந்தவ. அடுப்பிலை பருப்பு வெந்துகொண்டு நிக்க, வீட்டுக்கு நெருப்பு வைச்சிட்டாங்கள். மனுசன் பிள்ளையளைத் தூக்கினார், இவ பருப்புச் சட்டியைத் தூக்கினா. ஏன் தூக்கினன் எண்டு அவவுக்கே தெரியாது. அந்தச் சட்டியோடை மதிலேறிக் குதிச்சு, அகதி முகாமிலை படுத்து, கப்பலிலை வந்து இறங்கியிருக்கிறா. பருப்புப் புளிச்சு, நுரைச்சு, புழு வைச்சிட்டுது. மணம் தாங்கேலாது. ஒருத்தரையும் தொட விடமாட்டா. பக்கத்திலை படுக்கிற சனம் பேசுது. மனுசனும் பேசுறார்.

நான் போய்ப் பக்கத்திலை குந்தினன். என்ன கேக்கிறது எண்டு தெரியேல்லை. உப்புப் போட்டனீங்களோ எண்டு கேட்டன். அவ என்னை நிமிந்து பாத்திட்டு, இல்லைப் பிள்ளை, இனித்தான் போடோணும் எண்டா. சொல்லிப்போட்டுத்தான் அழத் தொடங்கினா. அழுது முடியச் சட்டியை என்னட்டைத் தந்தா. பள்ளிக்கூடக் கிணத்தடியிலை சாம்பல் போட்டு மினுக்கிக் குடுத்தன்.

இப்ப உதிலை வாசியுங்கோ. நான் அந்தப் பெண்மணியின் அருகில் சென்று அமர்ந்தேன், உப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஆர் கேட்டது? நீயோ கேட்டனி? அவன் அந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதிக்கேல்லை மாஸ்டர். சனம் கூடின இடமெண்டால் அவனுக்கு வேர்க்கும். படிக்கிறன் எண்டு வீட்டிலை இருந்தவன். நான் வந்து, சூடை மீன் வெட்டி வெட்டி அம்மாவுக்கு உதைச் சொல்லுறன். அம்மா ஐயோ பாவம் எண்டிட்டு அடுப்பை ஊதுறா. இவன் கதவடியிலை வந்து நிண்டு, திரும்பச் சொல்லு அக்கா எண்டான். சொன்னன். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பேப்பரிலை வந்திட்டுது, தன்ரை பேரும் ஊரும் போட்டு.

இல்லையில்லை, எழுதினது அவன்தான். அதை நான் பறிக்கேல்லை. எனக்குச் சொல்லத்தான் வரும், எழுத வராது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் பேப்பரைப் பிடிச்சு வாசிச்சுக் காட்டினன். நான் சொல்லேக்கை அடுப்பு ஊதின அதே மனுசி, அவன் எழுதினதைக் கேட்டுச் சீலைத் தலைப்பாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. அதே பருப்பு, அதே சட்டி. அப்ப அவன்ரை கையிலை என்னவோ இருக்குத்தானே. எனக்கு அண்டைக்குப் பெருமை தாங்கேலாமல் போச்சு. பேப்பரைக் கொண்டு ஒழுங்கை முழுக்கத் திரிஞ்சன்.

அதுக்குப் பிறகு அதுவே எங்களுக்குப் பழக்கமாய்ப் போச்சு. நான் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் வந்து நிப்பான், அக்கா, இண்டைக்கு என்ன கண்டனி எண்டு. சந்தைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், பஸ்சுக்கு நிண்டாலும், உவனுக்குச் சொல்ல என்ன கிடைக்கும் எண்டுதான் நான் கண்ணை விரிச்சுக்கொண்டு திரிஞ்சது. முசுப்பாத்தியான காலம் மாஸ்டர். செல்லடிச்சாலும், ஊரடங்கு எண்டாலும், எனக்கு அது நல்ல காலம். உதைத்தான் அவன் எழுதியிருக்கோணும். வெள்ளி பாத்தானாம்.

என்ன? யசிந்தாவோ? பொறுங்கோ, அது கடைசிப் பக்கத்திலைதானே. நான் ஒழுங்காய் வாறன்.

எண்பத்தாறாம் ஆண்டுக்கு வாங்கோ. அந்த ஆண்டை அவன் ஒரு வரியிலை தாண்டிப் போறான். அதன்பின் சூழல் இறுகியது, எழுதுவது கடினமாயிற்று. அவ்வளவுதான். பிறகு நேரே பாரிசிலை பனி கொட்டுது. நான் பக்கம் கிழிஞ்சுபோச்சோ எண்டு தடவிப் பாத்தன். இல்லை. பக்க நம்பர் எல்லாம் சரியாய்க் கிடக்கு. சூழல் இறுகினதாம்! இறுகினது கயிறு மாஸ்டர். யாகோப்பின்ரை கையிலை.

உங்களுக்குத் தெரியாதுதான். என்னெண்டு தெரியும்? அவன் எழுதினால்தானே உங்களுக்குத் தெரியும்.

யாகோப்பு எனக்குப் பேசின மாப்பிள்ளை. எங்கடை ஒழுங்கைதான். கோயிலிலை கலியாண அறிவித்தல் ரெண்டு கிழமை வாசிச்சாச்சு, மூண்டாவது கிழமையும் வாசிச்சால் கலியாணத்துக்குத் திகதி வைக்கலாம். நல்ல பெடியன். கொஞ்சம் நப்பி, காசை எண்ணி எண்ணித்தான் எடுப்பான். சட்டையைத் தானே தோச்சு, தானே மினுக்கி மடிப்புக் கலையாமல் போடுவான், கடலுக்குப் போறவன் மாதிரியே இருக்காது. அவனட்டை மெசின் பூட்டின வள்ளம் ஒண்டு இருந்தது. ஒரு பகுதி இயக்கப் பெடியள் வந்து அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போக வள்ளம் கேட்டவை. துவக்கோடை வந்து கேட்டால் ஆர் இல்லையெண்டு சொல்லுறது? குடுத்தான். பிறகு ரெண்டு பகுதிக்கும் அடிபாடு வந்தது. மற்றப் பகுதி வெண்டது. ஆர் ஆர் எண்டு நீங்களும் கேக்கவேண்டாம், நானும் சொல்லேல்லை. குணலட்சுமியக்கா நல்லவதான், எண்டாலும் வேலிக்குக் காது கிடக்கு.

பெற்றோல் வாங்கப் போனவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். அம்மாவும் நானும் அவையின்ரை முகாம் ஒவ்வொண்டாய்ப் போய் நிண்டம். இஞ்சை இல்லை, அங்கை கேளுங்கோ எண்டினம். பிறகு ஒரு நாள் காலமை, ஓடி வந்து சொல்லினம், சந்தியிலை லைற் போஸ்ற்றிலை கட்டிக் கிடக்கெண்டு.

நான் போனன். அம்மா மறிக்க மறிக்கப் போனன். அடைக்கலமும் பின்னாலை வந்தவன். சனம் தூரத்திலை நிக்குது, ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. கழுத்திலை மட்டை தொங்குது, துரோகி எண்டு. நான் அதை வாசிச்சதும் வாசிக்காததும் ஒண்டுதான். எனக்குப் பட்டது சட்டை. பொத்தான் மாறிப் பூட்டிக் கிடக்குது. மேல் பொத்தான் ரெண்டாம் ஓட்டையிலை, ஒரு பக்கம் மேலை, ஒரு பக்கம் கீழை. யாகோப்பு செத்தாலும் அப்பிடிப் போடமாட்டான். அப்ப அவன் போடேல்லை. ஆரோ கழட்டியிருக்கினம், ஆரோ போட்டுவிட்டிருக்கினம். எனக்கு அதுக்கு மேலை நினைக்கப் பயமாய் இருந்தது. நான் கிட்டப் போய் எல்லாப் பொத்தானையும் கழட்டிப்போட்டு முதலிலையிருந்து ஒழுங்காய்ப் பூட்டினன். துவக்கோடை ஒருத்தன் அங்காலை நிண்டவன், என்னக்கா செய்யிறியள், தள்ளி நில்லுங்கோ எண்டான். பூட்டி முடிச்சுத்தான் தள்ளினன்.

செத்தவீட்டுக்கு ஆக்கள் வரேல்லை. பயம். பெட்டி தூக்கவே ஆள் காணாது, சுவாமியாரும் ஒரு பக்கம் பிடிச்சவர். ஒழுங்கை முழுக்கக் கதவு சாத்தியிருக்கு. எனக்கு அதுதான் தாங்கேலாமல் போச்சு. ஒரு மனிசன் செத்திருக்கிறான், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. சேமக்காலையிலை தாட்டுப்போட்டு வந்து கால் கழுவினவுடனை அடைக்கலத்தைக் கூப்பிட்டு இருத்தினன். எழுதடா எண்டன்.

அவன் அழுதான். அக்கா, என்னைச் சுடுவாங்கள் எண்டான். வேறை பேரிலை எழுது எண்டன். எழுதினான். நான் முன்னாலை இருந்து சொல்லச் சொல்ல எழுதினான். எந்தக் கையாலை கழட்டினனி, எந்தப் பொத்தானிலை தொடங்கினனி எண்டு கேட்டுக் கேட்டு எழுதினான். பொத்தான் பூட்டி முடியிறதோடை கதையும் முடியுது. மாஸ்டர், நீங்கள் அவன்ரை ரெண்டு தொகுதியும் வாசிச்சன் எண்டு சொன்னனீங்கள். நான் சத்தியமாய்ச் சொல்லுறன், அவன் எழுதினதுக்குள்ளை எழுத்தெண்டால் அதுதான். மிச்சமெல்லாம் வெள்ளி பாத்ததுதான்.

சின்னச் சஞ்சிகை ஒண்டிலை வந்தது. ஒளிச்சு ஒளிச்சுக் கை மாறி வாசிச்சினம். கதவு சாத்தின அதே சனம் வாசிச்சுது. பேர் மாத்தித்தான் போட்டது, ஆனா சட்டைப் பொத்தானை என்னெண்டு மாத்திறது? அந்தச் சந்தியிலை கிட்டப் போய் நிண்டது நானும் அவனும்தானே. அச்சுக்கூடத்திலை வந்து விசாரிக்கினம் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே யோசப்பின் மாமியின்ரை மகன்ரை வள்ளத்திலை அவனை ஏத்தி அக்கரைக்கு விட்டன். அந்தக் கதை வந்த பக்கத்தை மடிச்சு வயித்தோடை கட்டிக்கொண்டுதான் ஏறினவன், நான் கண்டன்.

அடுத்த நாள் மத்தியானம் வந்தினம். அவன் கொழும்புக்குப் போட்டான் எண்டன். என்னைக் கொண்டுபோனவை. அங்கை அடிச்ச அடியிலைதான் இந்தக் காது போனது. சுவாமியார் ஒவ்வொரு நாளும் வந்து வாசலிலை நிண்டு நிண்டுதான் என்னை வெளியிலை எடுத்தவர். இல்லை மாஸ்டர், நான் அதைச் சொல்லிக் கவலைப்படேல்லை. இண்டைக்கு ஒண்டு நடந்தாலும் எழுதடா எண்டுதான் சொல்லுவன்.

ஆனா அந்தக் கதை எங்கை? இஞ்சை வைச்சிருந்த சனமெல்லாம் பயத்திலை எரிச்சுப்போட்டுது. அவனட்டை இருக்கு. முதல் தொகுதியிலை இல்லை, ரெண்டாவதிலையும் இல்லை, இப்ப இளமைக்காலம் எண்டு எழுதுறான், அதிலையும் இல்லை. நான் இஞ்சை கொட்டிலுக்கை இருக்கிறன், எனக்குப் பயம் எண்டால் நியாயம். பாரிசிலை இருந்துகொண்டு உனக்கென்னடா பயம்? யாகோப்பு எண்டொரு பேர், அது ஒரு இடத்திலை, ஒரேயொரு இடத்திலை வந்தால் என்ன?

கடிதமோ? முதல் போட்டவன். நல்லாய்ப் போட்டவன். கோபுரப் படம், பாலப் படம் எல்லாம் வரும். அதிலையும் அதே கேள்விதான், இண்டைக்கு என்ன கண்டனி. நான் பக்கம் பக்கமாய் எழுதி அனுப்புவன். எண்பத்தொன்பதோடை நிண்டுபோச்சு. நான் விடேல்லை, கொழும்புக்குப் போற ஆக்களிட்டைக் குடுத்துவிட்டுக்கொண்டே இருந்தன். பதில் இல்லை. பிறகு குருநகரிலை இருக்கேலாமல் நாங்கள் இஞ்சை உடுவிலுக்கு வந்து, இந்தக் கொட்டிலிலைதான் அம்மா கண்ணை மூடினா. அறிவிச்சன். அவன் பங்குச் சுவாமியாருக்கு எழுதியிருக்கிறான், அம்மாவுக்குப் பூசை வையுங்கோ எண்டு. எனக்கு ஒரு வரி? இல்லை. சுவாமியாருக்கே முகம் குடுக்க அந்தரமாய்ப் போச்சு. நான் என்னடா செய்தன், என்ன பிழையாய்க் கதைச்சன் எண்டு இவ்வளவு காலமும் மண்டையைப் போட்டு உடைச்சன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உதைக் கொண்டு வந்து தந்த பிறகுதான் விளங்கினது.

ஓம், இப்ப வாறன், கடைசிப் பக்கம். அக்கா யசிந்தா பேக்கரியடியிலை பாணுக்கு வரிசையிலை நிக்கேக்கை கோட்டையிலையிருந்து ஆமி அடிச்ச செல் வந்து விழுந்து செத்தது. நல்ல வடிவாய் எழுதியிருக்கிறான். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினானாம், அவள்ரை கை பாணை விடேல்லையாம், ஆசுபத்திரி வாசலிலை வைச்சுத் தம்பி எண்டு கூப்பிட்டவளாம், அதோடை சரியாம். வாசிக்க எனக்கே அழுகை வந்திட்டுது. ரெண்டாந்தரம் வாசிக்கேக்கையும் அழுதனான்.

அவனுக்கு ஒரு அக்காதான் மாஸ்டர். நீங்கள் அண்டைக்கு என்ரை பேர் கேக்கேல்லை, இன்னொரு சகோதரி ஆக்கும் எண்டு நினைச்சிருப்பியள். யசிந்தா நான்தான்.

இருங்கோ, ஏன் எழும்புறியள்? தண்ணி தரவோ? எனக்கு உங்களிலை ஒரு கோவமும் இல்லை. நீங்கள் அச்சிலை இருந்ததைத்தானே நம்பினியள்.

அவனுக்கு வேறை வழி இருந்திருக்காது. போன மாசம், இந்தச் சமாதானப் பேச்செண்டு பாதை திறந்த நேரம், எங்கடை ஒழுங்கை மக்டலீன் பாரிசிலையிருந்து வந்து நிண்டவள். அவள் சொன்னவள், அங்கை அதிகாரி மேசைக்கு முன்னாலை இருத்தி ஏன் வந்தனி எண்டு கேப்பினமாம். பெடியளைப் பற்றி எழுதினன், பெடியள் தேடினவை எண்டால் அவைக்கு விளங்காதாம். ஆமி, செல், செத்த ஆள். அது விளங்குமாம். அப்ப அப்பாவைக் கொல்லேலாது, அவர் முந்தியே செத்திட்டார். அம்மாவைக் கொல்ல மனம் வந்திருக்காது. நான்தான் மிச்சம். எண்பத்தொன்பதிலைதானாம் அவனை அங்கை இருக்க விட்டவை. செத்தவளுக்கு என்னெண்டு கடிதம் போடுறது, சொல்லுங்கோ? ஒருக்கால் சொன்ன பிறகு திரும்பத் திரும்பச் சொல்லத்தானே வேணும். அச்சிலையும் சொல்லத்தானே வேணும்.

அதாலை நீங்கள் திருத்தாதேங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ. நான் இருக்கிறன் எண்டு உங்கடை புத்தகத்திலை வந்து, அது எப்பிடியோ அங்கை போய், அவனைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினால், அதுக்கோ நான் அவனை வள்ளத்திலை ஏத்தினனான்? செத்தவளாய் இருந்திட்டுப் போறன். எனக்கு அது பெரிய காரியமில்லை. ஆனா யாகோப்பைப் பிறக்கவே விடேல்லை, பாருங்கோ, அதைத்தான் எனக்கு விழுங்கேலாமல் கிடக்கு. நீங்கள் அவனுக்கு எழுதேக்கை கேளுங்கோ, அந்தப் பொத்தான் கதையைத் தாங்கோ, வேறை பேரிலையே போடுறம் எண்டு. நான் சொன்னன் எண்டு எழுதவேண்டாம். உந்தக் கதை வேறை ஆருக்கும் தெரியாது, ஆர் சொன்னது எண்டு அவனுக்கு விளங்கும்.

யசிந்தாவின்ரை கல்லறையைக் காட்டுங்கோ, படம் எடுக்கோணும் எண்டு வந்தவுடனை கேட்டியள். உந்தக் கமராவிலை பிலிம் கிடக்கே? அப்ப என்னை ஒண்டு எடுங்கோ. இந்த வேலியோடை நிக்கிறன், இஞ்சைதான் வெளிச்சம். புத்தகத்திலை போடாதேங்கோ, கண்டியளோ. கழுவி அவனுக்கு மட்டும் அனுப்புங்கோ. பின்பக்கத்திலை பேரும் எழுதவேண்டாம், ஊரும் எழுதவேண்டாம். நரைச்சுப்போச்சு, எண்டாலும் அடையாளம் பிடிப்பான்.

சிரிக்கச் சொல்லாதேங்கோ. இப்பிடியே எடுங்கோ.